கண்டிப்பார் இல்லாத நாவல்கள்: தீய தலைமை மாந்தரும் வாசகர் நிலையும்

முன்னுரை

1857ஆம் ஆண்டில் பாரீசு நகர நீதிமன்றத்தில் நாவல் ஒன்றின் மீது வழக்கு நடைபெற்றது. பிரெஞ்சு நாவலாசிரியர் ஃபிளாபேர் எழுதிய 'மதாம் பொவாரி' பொது ஒழுக்கத்துக்கும் சமயத்துக்கும் ஊறு விளைவிப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டது. அரசுத் தரப்பில் வாதிட்ட எர்னெஸ்ட் பினார் எடுத்துரைத்த காரணங்களுள் ஒன்று திறனாய்வாளர் கருத்திற் கொள்ளத்தக்கது. கணவனை வஞ்சித்துக் கடனில் மூழ்கி அழியும் எம்மாவைக் கண்டிக்கும் தகுதியுடைய மாந்தர் ஒருவரேனும் அந்நூலுக்குள் உண்டா என்று அவர் வினவினார். கணவன் ஏமாளி, மருந்துக் கடைக்காரர் தற்பெருமை மிக்கவர், பாதிரியார் பிறர் துயரம் அறியாதவர், ஆசிரியரோ தம் குரலில் எதனையும் கூறவில்லை. ஆகவே நூலுக்குள் அறத்தின் சார்பில் பேசுவார் ஒருவரும் இல்லை என்பது அவர் வாதம். நீதிமன்றம் ஆசிரியரை விடுவித்தது. ஆனால் பினார் எழுப்பிய வினா அவ்வழக்கோடு முடிந்துவிடவில்லை. தீயவரையோ, வாசகரின் பரிவைப் பெறாதவரையோ நடுவில் நிறுத்தும் ஒவ்வொரு நாவலும் அவ்வினாவை மீண்டும் எழுப்புகிறது.

தமிழ் நாவலிலும் இத்தகைய தலைமை மாந்தர் பலர் உளர். அவர்களைப் பற்றிய உரையாடல் பெரும்பாலும் இரண்டு நிலைகளில் நின்றுவிடுகிறது. 'இவ்வளவு இழிந்தவனைப் பற்றி ஏன் எழுத வேண்டும்?' என்பது ஒன்று. 'அவனும் மனிதனே, அவனிடமும் ஈரம் உண்டு' என்பது மற்றொன்று. முதலாவது நூலை விலக்குகிறது. இரண்டாவது மாந்தரை மன்னிக்கிறது. இரண்டுமே தலைமை மாந்தர் ஒருவரை மட்டும் நோக்குபவை. அவரால் துன்புற்றோரை நோக்காதவை. தீய தலைமை மாந்தரைக் கொண்ட நாவலின் தகுதியை அளக்க வேண்டிய இடம், அவரால் துன்புற்றோர் அவருடைய பார்வையைக் கடந்து வாசகருக்குப் புலப்படுகின்றனரா என்பதே என இக்கட்டுரை கருதுகிறது. ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' (1974), ஆதவனின் 'என் பெயர் ராமசேஷன்' (1980), ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' (2003) ஆகிய மூன்று நாவல்கள் இங்கு முதன்மைச் சான்றுகளாகின்றன. ஒப்புநோக்கின் பொருட்டுப் பிறமொழி நாவல்கள் இரண்டு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

தன்னிகரில்லாத் தலைவனும் நாவலும்

பெருங்காப்பியத்தின் தலைவன் தனக்கு ஒப்பாரில்லாதவனாக இருத்தல் வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுத்த நெறி. இந்நெறி தீயோரை இலக்கியத்தினின்றும் விலக்கவில்லை. கம்பரின் இராவணன் பெருமிதமும் வீழ்ச்சியும் ஒருங்கே கொண்டவன். எனினும் அவன் எதிர்த்தலைவன். படிப்போர் நிற்பது இராமனின் பக்கத்தில். ஆகவே அவனுடைய பெருமையை வியப்பதால் படிப்போருக்கு இடர் ஏதும் நேர்வதில்லை.

சிலப்பதிகாரம் இந்நெறியினின்றும் சற்றே விலகி நிற்கும் காப்பியம். கோவலன் குறையுடைய தலைவன்; மனைவியை விட்டுப் பிரிந்தவன்; பொருள் அனைத்தையும் இழந்தவன். மதுரையின் புறத்தே ஆயர் சேரியில் அவன் தன் பிழைகளை எண்ணி வருந்தும்போது கண்ணகி கூறும் மறுமொழி கருதத்தக்கது. அவன் ஒழுக்கம் போற்றத்தக்கதன்று என்பதனை மறையாது உரைத்த பின்னரே, அவன் அழைத்தபோது தான் எழுந்து வந்ததை அவள் குறிப்பிடுகிறாள். அன்பு அங்கே குறைவுபடவில்லை, குற்றமும் மறைக்கப்படவில்லை. துன்புற்றவளின் வாய்மொழியாகவே குற்றம் பெயர் பெறுகிறது. இக்கட்டுரை முன்வைக்கும் அளவுகோலுக்குத் தமிழ் மரபில் இதுவே தொன்மையான சான்று எனலாம்.

தமிழ் நாவல் தோன்றியபோது இவ்வழி பின்பற்றப்படவில்லை. 'பிரதாப முதலியார் சரித்திர'த்துக்கு (1879) எழுதிய முன்னுரையில் வேதநாயகம் பிள்ளை, ஆங்கில அறவாணர் சாமுவேல் ஜான்சனின் கருத்தையொட்டித் தம் முதன்மை மாந்தரைக் குறைவற்ற நற்பண்பினராகப் படைத்ததாகக் குறிப்பிடுகிறார். இளைஞர்கள் கதைமாந்தரைப் பின்பற்ற விழைவர். ஆதலால் நன்மையும் தீமையும் கலந்த மாந்தரைக் கவர்ச்சியுறக் காட்டலாகாது என்பது ஜான்சன் 1750இல் எழுதிய கட்டுரையின் சாரம். இவ்வாறு காப்பிய இலக்கணமும் ஆங்கில அறநெறிக் கொள்கையும் நம் முதல் நாவலில் ஒன்றுசேர்ந்தன. நல்லோரைப் பின்பற்றுதலே வாசிப்பின் பயன் என்னும் எண்ணம் பள்ளிப் பாடநூல்கள் வாயிலாக நெடுங்காலம் நிலைபெற்றது.

க.நா. சுப்ரமண்யத்தின் 'பொய்த்தேவு' (1946) இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். மேட்டுத் தெருவில் பிறந்து போக்கிரியெனப் பெயரெடுத்த சோமு, வணிகம் செய்து சோமு முதலியாராக உயர்ந்து, இறுதியில் அனைத்தையும் துறந்து பண்டாரமாக மடிகிறான். நற்பண்பினன் அல்லாத ஒருவனின் வாழ்வை முழுமையாகத் தொடரலாம் என்பதனை இந்நாவல் நிறுவியது. ஆயினும் துறவு என்னும் முடிவு அவன் கணக்கை நேர்செய்து விடுகிறது. அவனால் நலிந்தோர் யாவர், அவர்கள் என்னவாயினர் என்னும் வினா ஆன்மிகத் தேடலின் நிழலில் மறைந்துபோகிறது. பின்வந்த நாவல்கள் இத்தகைய துறவையும் தம் தலைவருக்கு வழங்கவில்லை.

அறிதல், இரங்குதல், இசைதல்

தீயவரின் கதையைப் படிக்கும்போது நிகழும் மூவகை மனச்செயல்களைப் பிரித்துக் காணுதல் நலம். அவர் ஏன் அவ்வாறு நடக்கிறார் என்பதனை உணர்தல் 'அறிதல்'. அவர் படும் துன்பத்துக்கு நெகிழ்தல் 'இரங்குதல்'. அவர் செயலை ஏற்றல் 'இசைதல்'. இலக்கியத்தில் ஒழுக்கக்கேடு காண்போர் அறிதல் இரங்குதலாகவும், இரங்குதல் இசைதலாகவும் தாமே மாறிவிடும் என்று அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை முற்றிலும் பொருளற்றதென ஒதுக்குதல் இயலாது. நாவல் என்னும் வடிவம் எவருடைய கண்வழியாகக் காட்சிகளைத் தருகிறதோ அவருக்குச் சார்பாகவே தொடங்குகிறது. ஒருவருடைய பசியையும் தூக்கமின்மையையும் இருநூறு பக்கம் உடனிருந்து காணும் வாசகர், அவர் வாயிலில் ஒரு நொடி வந்து நின்று அழுத மற்றவரை எளிதில் மறந்துவிடுவார்.

தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' (1866) இம்மறதியையே தன் பொருளாக்கிக் கொண்ட நாவல். எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பு வாயிலாக அது தமிழிலும் கிடைக்கிறது. ரஸ்கோல்னிகவ் திட்டமிட்டுக் கொன்றது வட்டிக்கடைக் கிழவியை. எதிர்பாராமல் உள்ளே வந்துவிட்ட அவள் தங்கை லிசாவெதாவையும் அவன் கொன்றுவிடுகிறான். கிழவியைக் கொன்றதற்கு அவன் கொள்கைகள் பல வைத்திருக்கிறான். லிசாவெதாவைக் கொன்றதற்கு அவனிடம் ஒரு கொள்கையும் இல்லை. அவளைத் தான் ஏறத்தாழ நினைப்பதேயில்லை என்பதை ஓரிடத்தில் அவனே வியப்புடன் உணர்கிறான். அவனுடைய எண்ணங்களில் ஆழ்ந்துவிட்ட வாசகரும் அவளை மறந்திருப்பதை அவ்விடத்தில் உணரலாம்.

ஆனால் நாவல் அவளை மறக்கவில்லை. சோனியா அவனுக்கு இலாசருவின் கதையைப் படித்துக்காட்டும் விவிலியம் லிசாவெதா கொடுத்தது; சோனியா அணியும் செப்புச் சிலுவையும் லிசாவெதாவினுடையது. கொல்லப்பட்டவள் ஒரு நூலாகவும் ஒரு சிலுவையாகவும் கொன்றவனின் முன் மீண்டும் வந்து நிற்கிறாள். நூலுக்குள் கண்டிக்கும் குரல் எங்கே என்று பினார் கேட்டதற்கு இங்கு ஒரு விடை கிடைக்கிறது. கண்டனம் ஒரு மாந்தரின் சொற்பொழிவாக வரவேண்டியதில்லை. துன்புற்றவரின் இருப்பைத் தலைவன் மறந்த பின்னும் நாவல் நினைவில் வைத்திருத்தலே அதற்குப் போதும்.

கந்தனும் மீனாவும்

ஜி. நாகராஜன் 'குறத்தி முடுக்கு' (1963) என்னும் தம் முந்தைய நூலின் முன்னுரையிலேயே வாசகரோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிடுகிறார். பிடிக்காதன கண்டால் அவை ஏன் நடக்கின்றன என்று கேட்கலாம். அவற்றை ஏன் எழுத வேண்டும் என்று கேட்டுத் தப்பிக்கலாகாது என்பது அவர் கூற்றின் பொருள். 'நாளை மற்றுமொரு நாளே' அவ்வுடன்பாட்டின் மேல் எழுந்த நாவல்.

கந்தன் என்பவனின் ஒரே நாள் வாழ்க்கை இந்நாவலின் கால எல்லை. குடியும் சண்டையும் தரகும் அவன் வாழ்வு. உடன் வாழும் மீனாவின் உடலை விற்ற பணம் அவன் வருவாய்களுள் ஒன்று. ஒரு நாள் என்னும் எல்லை இங்கு வெறும் உத்தி அன்று. நீண்ட வரலாறு கூறப்பட்டிருப்பின் அவன் தீமைக்குக் காரணங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். காரணங்கள் மெல்ல மன்னிப்பாக மாறியிருக்கும். ஒரு நாளில் காரணங்களுக்கு இடம் குறைவு. அடுத்த குடிக்கு வழி என்ன, யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு கிடைக்கும் என்பனவே நாளை நகர்த்துகின்றன. ஆசிரியரின் உரைநடையும் இவற்றுக்கேற்ப உணர்ச்சிப் பெருக்கின்றிச் செல்கிறது. கந்தன் செய்யும் கொடுமையும் அவன் காட்டும் பரிவும் ஒரே தொனியில் கூறப்படுகின்றன.

கந்தனிடம் பரிவு உண்டு என்பதில் ஐயமில்லை. தனக்குப் பின் மீனாவின் நிலை என்னவாகும் என்று எண்ணுகிறான். அவளுக்கு ஓர் ஏற்பாடு செய்துவிட வேண்டும் என்று விழைகிறான். இறந்துபோன மகளும் காணாமற்போன மகனும் அவன் நினைவின் ஓரத்தில் உளர். இப்பகுதிகளைக் கொண்டே கந்தனை மீட்டெடுக்கும் திறனாய்வு எழுகிறது. சேற்றிலும் மனிதம் பூக்கும் என்பது அத்திறனாய்வின் வழக்கமான முடிவு.

இப்பரிவின் வடிவத்தை உற்றுநோக்குதல் வேண்டும். மீனாவின் எதிர்காலத்துக்குக் கந்தன் நினைக்கும் வழி, அவளைத் தக்க வேறொருவரிடம் ஒப்படைத்தல். இதுகாறும் அவளை விற்றுவந்தவன் இப்போது நல்ல இடமாகப் பார்த்துக் கைமாற்ற நினைக்கிறான். நோக்கம் மாறியிருக்கிறது, செயலின் இலக்கணம் மாறவில்லை. தரகனுக்குத் தெரிந்த அன்பு தரகின் வடிவிலேயே வெளிப்படுகிறது. அவன் அன்பு பொய்யென்று இதற்குப் பொருளில்லை. மெய்யான அன்பும் கொடுமையின் இலக்கணத்துக்குள் அடங்கியிருக்கக்கூடும் என்பதே நாவல் காட்டும் கடுமையான உண்மை. இதனைக் காணாமல் கந்தனின் ஈரத்தை மட்டும் எடுத்துப் போற்றும் வாசிப்பு, மீனாவை அவன் நல்லியல்புக்குச் சான்றுப்பொருளாக மாற்றிவிடுகிறது. நாவலுக்குள் அவன் செய்வதையே அவ்வாசிப்பு நாவலுக்கு வெளியே செய்கிறது.

மீனா கந்தனின் பார்வையைக் கடந்து புலப்படுகின்றாளா? ஓரளவே என்று கூற வேண்டியுள்ளது. பேச்சிலும் எளிய வீட்டுச் செயல்களிலும் அவள் தன்னியல்புடன் தோன்றுகிறாள். ஆனால் கந்தன் வெளியே கிளம்பிச் சென்றதும் நாவலும் அவனோடு சென்றுவிடுகிறது. அவன் இல்லாத அறையில் அவள் என்ன எண்ணினாள் என்பதை நாம் அறியோம். நாகராஜன் தேர்ந்த கூறுமுறையின் எல்லை இது. அந்த எல்லையை நாவலின் குறையாகக் கொள்வதா, கந்தனின் உலகில் மீனாவுக்கு அளிக்கப்பட்ட இடத்தின் அளவையே நாவல் காட்டுகிறது எனக் கொள்வதா என்பது விவாதத்துக்குரியது. எவ்வாறாயினும், அவ்வறைக்குள் நுழைய இயலவில்லை என்பதை வாசகர் உணர்தல் இன்றியமையாதது.

ராமசேஷன்: நகைப்பில் கூட்டாளியாதல்

தீமை என்னும் சொல் ராமசேஷனுக்குச் சற்றே மிகை. ஆதவனின் இக்கதைசொல்லி எவரையும் கொல்லவில்லை, விற்கவில்லை. நடுத்தரக் குடும்பத்துக் கல்லூரி மாணவன் அவன். தன்னைப் பிறரினும் கூரியவனாகக் கருதுபவன். ஒவ்வொருவரும் அணிந்திருக்கும் முகமூடியைக் கழற்றிப் பார்ப்பதில் இன்பம் காண்பவன். பெற்றோர், நண்பர், மாலா, பிரேமா என எவரும் அவன் ஆய்வுக்குத் தப்புவதில்லை. பரிவைப் பெறாத தலைமை மாந்தருள் வேறொரு வகையின் சான்றாக அவன் இங்கு இடம்பெறுகிறான்.

கந்தனைப் படிக்கும் வாசகர் தொடக்கத்திலேயே விலகி நிற்கிறார். ராமசேஷனைப் படிப்பவரோ தொடக்கத்தில் அவனோடு சேர்ந்து நகைக்கிறார். அவன் எள்ளல் கூர்மையானது. அவன் சுட்டும் போலித்தனங்களும் பெரும்பாலும் உண்மையானவை. தன்மைக் கூற்று வாசகரைத் தோழமையோடு தோளில் கைபோட்டு அழைத்துச் செல்கிறது. சிறிது தொலைவு சென்ற பின்னரே, பிறருடைய நடிப்பைக் காணும் இக்கண் தன் நடிப்பைக் கண்ட பின்னும் அதனைக் கைவிடுவதில்லை என்பது புலனாகிறது. தான் நடிப்பதை ராமசேஷன் அறிவான். அதனை ஒப்புக்கொள்ளவும் செய்வான். அவ்வொப்புதலே அவன் அணியும் அடுத்த முகமூடியாகிறது. குற்றத்தை முந்திக்கொண்டு தானே கூறிவிடுபவரைப் பிறர் குற்றம் சாட்டுதல் கடினம். தன்மைக் கூற்று நாவல்களில் தீமை மேற்கொள்ளும் நுட்பமான தற்காப்பு இதுவே.

இத்தற்காப்பு எங்ஙனம் உடைகிறது? ராமசேஷன் பிறருடைய சொற்களைத் திறம்பட நினைவில் வைத்திருப்பவன். அவற்றை எள்ளுவதற்காகவே முழுமையாக எடுத்துரைக்கிறான். அவ்வாறு எடுத்துரைக்கப்பட்ட சொற்கள் அவன் கேட்டதைவிட மிகுதியாகப் பேசுகின்றன. அவன் நகைப்புக்குரியதெனக் காட்டும் ஓர் அச்சமோ வேண்டுகோளோ வாசகருக்கு நகைப்புக்குரியதாகத் தோன்றாத கணங்கள் நாவல் நெடுகிலும் உள்ளன. அக்கணங்களில் வாசகர் கதைசொல்லியை விட்டு ஓரடி விலகுகிறார். அந்த ஓரடித் தொலைவை உண்டாக்குவதிலேயே ஆதவனின் திறம் அடங்கியுள்ளது.

நபக்கோவின் 'லோலிட்டா' (1955) இவ்வுத்தியை அதன் எல்லைவரை கொண்டு செல்கிறது. சிறுமியொருத்தியைச் சிதைத்த ஹம்பர்ட் தன் கதையை அழகிய மொழியில் தானே கூறுகிறான். அவள் பெயர் டோலரஸ். 'லோலிட்டா' என்பது அவன் தன் விருப்பத்துக்கேற்ப வழங்கிய பெயர். நூலின் தலைப்பே கொடியவனின் சொல்லாக அமைந்துள்ளது. அவள் இரவுதோறும் அழுததைப் போகிறபோக்கில் ஒரு சொற்றொடரில் அவன் கூறிவிடுகிறான். நூலின் தொடக்கத்தில் அமைந்த கற்பனை முன்னுரையில், திருமணத்துக்குப் பின் அவள் பெற்ற பெயராலேயே அவளுடைய இறப்பு அறிவிக்கப்படுகிறது. அப்பெயர் யாருடையது என்பதை முதன்முறை படிப்பவர் அறிய இயலாது. இருமுறை படித்தவருக்கே அவள் இறப்பு இறப்பாகப் படுகிறது. கொடியவனின் மொழியழகில் மயங்கி அவளைக் காணத் தவறுதல் எத்துணை எளிது என்பதை வாசகர் தம் வாசிப்பைக் கொண்டே அறிகிறார்.

ஏழாம் உலகம்: ஒரு சொல்லின் கொடுமை

சொல் வழியாக வாசகர் தீமைக்குள் இழுக்கப்படும் நிலைக்குத் தமிழில் மிகச் சிறந்த சான்று 'ஏழாம் உலகம்'. போத்திவேலுப் பண்டாரம் கோயிற் சூழலில் வாழும் குடும்பத்தலைவர். மூன்று பெண்மக்களைப் பெற்றவர். அவர்களின் திருமணம் பற்றிய கவலை மிக்கவர். முருகனிடத்துப் பக்தி உடையவர். உடற்குறை உடையோரை வாங்கியும் விற்றும், கோயில் வாயில்களில் இரக்கச் செய்தும் பொருளீட்டுதல் அவர் தொழில். தாம் எவருக்கும் தீங்கு செய்யவில்லை என்றே அவர் உண்மையாக நம்புகிறார்.

அத்தொழிலில் மனிதருக்கு வழங்கும் பெயர் 'உருப்படி'. சலவைத் துணியையும் சரக்கையும் எண்ணப் பயன்படும் இச்சொல் நாவலின் முதற்பகுதியில் வாசகரைத் திடுக்கிடச் செய்கிறது. ஆனால் வட்டார வழக்கின் ஓட்டத்தில் திரும்பத் திரும்ப வரும்போது வாசகர் அதற்குப் பழகிப்போகிறார். ஓர் உருப்படி நோயுற்றால் இழப்பு எவ்வளவு, திருமணச் செலவுக்கு எதை விற்பது என்னும் கணக்கை அவரும் பண்டாரத்தோடு சேர்ந்து போடத் தொடங்குகிறார். மகளின் திருமணம் தடையின்றி நடக்க வேண்டுமே என்று வாசகர் கவலைப்படும் கணம் இந்நாவலின் மையம் எனலாம். அக்கவலை நல்லியல்பினது, அது நிறைவேற விற்கப்பட வேண்டியது ஒரு மனித உயிர்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இங்கு நமக்குத் துணைசெய்கிறது. இளிவரல் தோன்றும் நிலைக்களன்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கினைத் தொல்காப்பியர் கூறுகிறார். உடலின் நலிவும் வாழ்வின் தாழ்வுமே அருவருப்புக்கு நிலைக்களன்கள். ஒருவரின் கொடுஞ்செயல் அவற்றுள் இல்லை. வெகுளிக்கோ உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன களன்கள். உறுப்பைச் சிதைத்தல், சுற்றத்துக்கும் குடிக்கும் கேடு சூழ்தல், அலைத்துத் துன்புறுத்தல், கொல்லுதல் என அனைத்தும் ஒருவர் மற்றொருவருக்கு இழைக்கும் தீங்குகள். நிலைக்களன் என்னும் முறையில் நோக்கினால், இவ்விரு மெய்ப்பாடுகளும் வெவ்வேறு திசைகளை நோக்குபவை என்பது விளங்கும். இளிவரல் துன்புறுபவரின் நிலையை நோக்குகிறது. வெகுளி துன்புறுத்துபவரின் செயலை நோக்குகிறது.

'ஏழாம் உலகம்' தொடங்கும்போது வாசகர் கொள்ளும் மெய்ப்பாடு இளிவரல். சிதைந்த உடல்களின் வண்ணனை அவரை முகம் சுளிக்கச் செய்கிறது. நாவல் முன்னேற முன்னேற அவ்வுடல்கள் பெயர் பெறுகின்றன, பேசுகின்றன, தமக்குள் எள்ளி நகையாடுகின்றன, ஒருவருக்கொருவர் உதவுகின்றன. குய்யன் முதலாளி வீட்டுத் திருமணச் சோற்றை உண்ண விழைகிறான். மிக எளிய இவ்விருப்பத்தின் முன் பண்டாரத்தின் இல்லறப் பெருமை அனைத்தும் சிறுத்துப்போகிறது. முத்தம்மையின் பிள்ளைப்பேறு பண்டாரத்தின் ஏட்டில் ஒரு வரவு. அவளுக்கோ அவள் பிள்ளை பிள்ளையே. தன்னோடு சேர்க்கப்படுபவன் தன் வயிற்றில் பிறந்தவன் என்பதை ஒற்றை விரலின் அடையாளத்தால் உணர்ந்து அவள் கதறும் இறுதியில், தொல்காப்பியர் கூறிய குடிகோள் அதன் கடைநிலையில் நிகழ்கிறது. இளிவரலில் தொடங்கிய வாசகர் வெகுளியில் வந்து நிற்கிறார். பண்டாரத்தை எதிர்த்து நூலுக்குள் எவரும் அறவுரை ஆற்றவில்லை. அவர் 'உருப்படி' என எண்ணிய ஒருத்தி 'மகன்' எனக் கூவியதே போதுமானதாயிற்று.

இந்நாவலைத் தழுவிய பகுதிகளைக் கொண்ட 'நான் கடவுள்' (2009) திரைப்படத்தோடு ஒப்பிட்டால் இவ்வமைப்பு மேலும் தெளிவாகும். இயக்குநர் பாலாவின் அப்படத்தில் இரவலரை ஆட்டிப்படைக்கும் கொடியவன், காசியிலிருந்து வரும் அகோரியான ருத்ரனால் கொல்லப்படுகிறான். கண்டிப்பவர் கதைக்குள்ளேயே வந்துவிடுகிறார், தண்டனையும் வழங்கிவிடுகிறார். பார்வையாளரின் வெகுளி அங்கேயே தணிந்துவிடுகிறது. நாவலில் அது தணிவதில்லை. நூலை மூடிய வாசகரோடு அதுவும் வெளியேறுகிறது. கோயில் வாயிலில் நாணயம் இட்ட தம் கை அத்தொழிலின் வருவாயில் ஒரு பங்கு என்பதை எண்ணிப் பார்க்க நேர்கிறது. பண்டாரத்தின் தொழில் நடைபெறுவது நம் இரக்கத்தை முதலாகக் கொண்டே என்பதனால், இங்கு இரக்கமும் ஐயத்துக்குரியதாகிறது.

சில தடைகளும் விடைகளும்

மேற்கூறிய அளவுகோலுக்கு எதிராகச் சில தடைகள் எழலாம்.

முதலாவது, தீயவரை நடுவில் நிறுத்துதலே தீமைக்குக் கவர்ச்சி ஊட்டும் என்பது. அத்தகைய நூல்கள் உண்டு. திறமைமிக்க திருடனையும் வஞ்சகனையும் தலைவனாக்கும் பொழுதுபோக்குக் கதைகளில், இழப்போர் பெரும்பாலும் கஞ்சராகவோ கொடியராகவோ முகமற்றவராகவோ அமைக்கப்பட்டிருப்பர். அவர்களுக்கு முகம் அளித்தால் கதையின் இன்பம் கெட்டுவிடும். ஆகவே இவ்வளவுகோல் கவர்ச்சியூட்டும் நூலையும் ஆராயும் நூலையும் பிரித்தறியவே உதவுகிறது.

இரண்டாவது, கந்தன் போன்றோர் தாமே சமுதாய ஒடுக்குமுறைக்கு இரையானோர். அவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்துதல் நேர்மையன்று என்பது. இத்தடை வலிமையானது. வறுமையும் ஏற்றத்தாழ்வும் கந்தனை உருவாக்கியதில் ஐயமில்லை. ஆயின் அவற்றாலேயே உருவானவள்தான் மீனாவும். ஒரே ஒடுக்குமுறைக்கு ஆட்பட்ட இருவருள் ஒருவர் மற்றவரை விற்று வாழும்போது, மேலோர் இழைத்த தீங்கைக் கூறுவது கீழே நிகழும் தீங்கை மறைப்பதற்குப் பயன்படலாகாது. காரணம் கூறுதல் வேறு, விடுவித்தல் வேறு. நாகராஜன் காரணத்தை உணர்த்துகிறார். விடுதலைத் தீர்ப்பை வாசிக்கவில்லை.

மூன்றாவது, துன்புற்றோரின் குரல் ஒவ்வொரு நாவலிலும் ஒலிக்க வேண்டும் எனில் நாவல் முறையீட்டு மனுவாகிவிடும் என்பது. குரல் ஒலித்தே தீர வேண்டும் என்பதில்லை. லிசாவெதா ஒரு சிலுவையாக மட்டுமே மீள்கிறாள். டோலரஸ் ஓர் அழுகையாக வருகிறாள். மீனா நாம் நுழைய இயலாத ஓர் அறையாக நிற்கிறாள். எங்ஙனமேனும் அவர்கள் தலைவனின் கணக்கில் அடங்காத மிச்சமாக இருத்தலே வேண்டப்படுவது.

வகுப்பறையில் இத்தகைய நாவல்களைப் பயிற்றும் ஆசிரியருக்கு இது நேரடிப் பயனுடையது. 'பாத்திரப் படைப்பு' என்னும் தலைப்பில் தலைவனின் நற்குணங்களும் தீக்குணங்களும் இருபுறமாகப் பட்டியலிடப்படுதல் நம் வழக்கம். அவ்வழக்கத்துக்குள் கந்தனும் பண்டாரமும் அடங்கமாட்டார்கள். மாணவர்களிடம் வேறு வினாக்களை எழுப்பலாம். இக்காட்சி யாருடைய கண்வழியாகக் கூறப்படுகிறது? தலைவன் தன்னால் துன்புற்றவரை எப்பெயரால் அழைக்கிறான்? அவன் வெளியேறிய பின் அவ்விடத்தில் யார் எஞ்சியிருக்கிறார்? இவ்வினாக்களுக்கு நூலுக்குள்ளிருந்தே சான்று தேட வேண்டியிருப்பதால், மாணவர் கவனம் தீர்ப்புக்கு முன்பாகப் பனுவலின் மீது குவிகிறது. பிடிக்காத மாந்தரைக் கொண்ட நூல்களைப் பாடத்திட்டத்தினின்றும் ஒதுக்குவதைக் காட்டிலும், அவற்றை இவ்வாறு படிக்கப் பழக்குதல் பயன் மிக்கது.

முடிவுரை

தன்னிகரில்லாத் தலைவனை வேண்டிய மரபிலிருந்து, வாசகரின் பரிவைப் பெறாத தலைமை மாந்தரை நோக்கித் தமிழ் நாவல் நெடுந்தொலைவு வந்துள்ளது. கந்தன் வாசகரை விலக்கி நிறுத்தி உடன் அழைத்துச் செல்கிறான். ராமசேஷன் நகைப்பால் கூட்டாளியாக்கிப் பின் விலகச் செய்கிறான். பண்டாரம் தம் சொல்லையே வாசகரின் வாயில் ஏற்றிவிடுகிறார். மூவரையும் அறிதல் இயலும். சிற்சில இடங்களில் இரங்குதலும் இயலும். இசைதலினின்றும் வாசகரைக் காப்பது ஆசிரியரின் அறவுரையோ கதைக்குள் வரும் நீதிமானோ அல்லர். மீனாவும், ராமசேஷன் எள்ளி நகையாடியோரும், குய்யனும், முத்தம்மையுமே அதனைச் செய்கின்றனர்.

ஆயர் சேரியில் கண்ணகி கூறியது போல் அவர்களுள் ஒவ்வொருவரும் தமக்கு நேர்ந்ததைத் தெளிவாகச் சொல்லும் வாய்ப்பைப் பெறவில்லை. சொல்ல இயலாதவரின் இருப்பைக் கண்டறியும் பொறுப்பு அதனால் வாசகரைச் சாருகிறது. மீனாவின் அறைக்குள் நுழையும் தமிழ் நாவல் இனி எழுதப்படலாம். அதுவரை கந்தனின் ஒரு நாளைப் படிக்கும்போது, அவன் கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கும் இடத்தில் சற்றே நின்று திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்தல் நம் கடமையாகும்.